தரைக்கு வராத நாய்க்கு ஒரு பேர்

வைகாசித் தேருக்கு ஊர் திரும்பிய ரிக் வண்டிகளில் கடைசி வண்டி எங்கள் பட்டறை வீதிக்குள் நுழைந்தபோது, போன ஆட்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள், டிரில்லர் அர்த்தநாரி மட்டும் இல்லை. அவருக்குப் பதிலாக, வண்டியின் பின்பக்க இரும்பில் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனையில் ஒரு செவலை நாய், ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே, நாலு காலையும் காற்றில் தொங்கவிட்டபடி மிதந்து வந்தது. வண்டி நின்றதும் நாயும் நின்றது. கீழே நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது.

வடக்கே போய் வருகிறவர்கள் எதையாவது கொண்டுவருவது வழக்கம்தான். ஒருவன் கம்பளி கொண்டுவருவான், ஒருவன் இந்தி பேசும் பெண்டாட்டியைக் கொண்டுவருவான், ஒருவன் தீராத காய்ச்சலைக் கொண்டுவருவான். எங்கள் திருச்செங்கோட்டில் ஆண்கள் லாரி லாரியாகக் கிளம்பிப் போய் ஊர் பேர் தெரியாத தேசங்களில் தண்ணீருக்குப் போர் போடுவார்கள், பெண்கள் நாங்கள் வீதிக் கடைசியில் இருக்கும் தறிக் கொட்டகையில் துண்டு நெய்வோம், ஆயுத பூசை கழிந்து போனவர்கள் தேருக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் அடுத்த தேருக்குப் பார்த்துக்கொள்ளலாம். அதனால் மிதக்கிற நாயைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை. அர்த்தநாரி எங்கே என்றுதான் கேட்டோம்.

பதில் சொன்னவன் செங்கோடன். அந்த வண்டியில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவன், வருஷக்கணக்காக அர்த்தநாரியோடு ஒரே தட்டில் தின்று ஒரே தார்ப்பாயில் படுத்தவன். வழியில் ஒரு ஊரில் சாப்பிட வண்டியை நிறுத்தினோம், இறங்கிப் போன அண்ணன் திரும்பி வரவில்லை, தேடாத இடமில்லை, போலீசிலும் சொல்லியாயிற்று, இந்த நாய் முகாமில் குட்டியில் இருந்து அவர் வளர்த்தது என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். நாய்க்குப் பேர் என்ன என்று கேட்டதற்கு, அப்படி ஒன்றும் வைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் எதையோ பார்க்கிறவன் மாதிரிக் குனிந்துகொண்டான்.

அர்த்தநாரியின் மனைவி வந்து கயிற்றை அவிழ்த்தாள். அவளை நாங்கள் டிரில்லரூட்டக்கா என்போம். மூத்தவர்கள் டிரில்லரூட்டுக்காரி என்பார்கள், கொட்டகை மேஸ்திரி நாலாந்தறி என்பார், புருஷனின் அண்ணன் மச்சாண்டார் அவளைப் புள்ள என்பார், அர்த்தநாரியே அவளை இந்தா என்றுதான் கூப்பிட்டார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், குழந்தை இல்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை, அழவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தாள், நாய் அவள் தலைக்கு மேலே கூடவே போனது. வீட்டுக்கு எதிரே காலி மனையில் போர்க் குழியில் இறக்குகிற பழைய கேசிங் பைப் ஒன்று, யாரோ எப்போதோ நட்டுவைத்தது, நின்றது. அதில் கட்டிவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள்.

அவள் புருஷன் பேரைச் சொன்னதே இல்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மாக்கள் சொன்னதை நாங்கள் பாதி நம்பினோம், சண்டை முற்றினால் மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். அவள் முழுசாக நம்பினாள். மலைமேல் இருக்கிற சாமிக்கும் அதே பேர் என்பதால் பதினெட்டு வருஷமாகச் சாமி பேரையும் சொன்னதில்லை; மலைமேல இருக்கறவரு என்பாள், தேர் எதிரே வந்து ஊரே பேர் சொல்லிக் கத்தும்போது உதட்டை மடக்கிப் பல்லால் பிடித்துக்கொள்வாள். இப்போது மனுஷன் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் போன பிறகு, அவருடைய உயிர் தன் வாய்க்குள் இருக்கிறது, திறந்தால் போய்விடும் என்பதாக, அவள் பேச்சையே குறைத்துவிட்டாள். தறியில் நின்றாள், வீட்டுக்குப் போனாள், சோறு இருந்ததால் சாப்பிட்டாள், பசித்துச் சாப்பிடவில்லை. எங்களில் யாராவது அவள் கையைப் பிடித்தால், பிடித்த கையை வேறு யாருடையதோ மாதிரிப் பார்த்தாள்.

நாய் ஏன் மிதக்கிறது என்று எங்கள் வீதி மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. டீக்கடை மாரப்பன் முதல் நாளே முடிவு சொல்லிவிட்டார்: பேர் இல்லை, அதனால் தரையில் நிற்க இடமில்லை, நல்ல பேராக ஒன்று வைத்தால் தானாக இறங்கிவிடும். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அவரே வெளியே வந்து அண்ணாந்து டைகர் என்று கூப்பிட்டார். நாய் இறங்கி வந்தது, அவரைச் சுற்றி ஒரு முறை நடந்தது, பெட்டை நாய்க்கு இது என்னய்யா பேர் என்று கேட்பதைப் போல நின்று பார்த்தது, கிளாசில் இருந்த டீ ஆறுவதற்குள் மறுபடி மேலே போய்விட்டது. முன்பு நின்ற இடத்துக்கும் ஒரு சாண் மேலே போய் நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் வீதி எதை அதோடு விட்டிருக்கிறது? ஆளுக்கொரு பேரோடு கிளம்பினார்கள், ஜூலி என்றார்கள், ராணி என்றார்கள், லச்சுமி என்றார்கள், ரிட்டையரான புலவர் குழந்தைசாமி சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நன்முல்லை என்று பேர் வைத்து, அந்தப் பேரின் அருமையை அவர் விளக்கி முடிக்கும் மட்டும் நாய் மரியாதையாகத் தரையில் உட்கார்ந்திருந்து, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாம் விளக்கத்துக்குப் போனபோது எழுந்து மேலே போனது. தறி முதலாளி தனக்கு வேண்டிய பேர் ராசி நிபுணரை ஈரோட்டில் இருந்து காரில் கூட்டிவந்தார். அவர் நாய் பிறந்த நேரம் கேட்டார், யாருக்கும் தெரியவில்லை, சரி என்று கூட்டிக் கழித்து வைத்த பேர் அவ்வளவு நீளமாக இருந்ததால் பாதி கூப்பிடுவதற்குள் நாய் ஏறிவிட்டது.

கொஞ்ச நாள் தரையில் நின்றது காளியண்ணன் வைத்த பேரில்தான். பொதுச்சுவர் தகராறில் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாத காளியண்ணன், தம்பி வீட்டுக்குக் கேட்கிற மாதிரி தம்பி பேரையே வைத்து, ஏய் பொங்கியண்ணா, எச்சச் சோத்துக்கு வாடா என்று கூப்பிட்டார். நாய் தொப்பென்று இறங்கி நின்றது, வாரக்கணக்கில் நின்றது. மனசார வைத்த பேர் அல்லவா, கனம் இருந்தது. பிறகு தம்பி வந்து சட்டையைப் பிடித்து, இருவரும் மனையில் கட்டிப் புரண்டு, மூச்சு வாங்க உட்கார்ந்து, செத்துப்போன அப்பா பேச்சு வந்து, இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுத அந்த மத்தியானமே நாய் எழுந்து போய்விட்டது. வீதியில் சிலருக்கு அதில் வருத்தம்.

தோற்ற பேர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் என்று அது ஏறிக்கொண்டே போனது. மின்சார வாரியத்து ஆள் வந்து கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்துவிட்டுப் போனார். நாய் பிடிக்கிற நகராட்சி வண்டி வந்தது. ரோட்டில் கால் படாத நாயைத் தெருநாய் என்று பிடிக்க விதியில் இடமில்லை என்று திரும்பிப் போனது. நீளமான மூங்கிலில் தூக்குப்போசியை மாட்டி டிரில்லரூட்டக்கா சோறு ஏற்றுவாள், பிறகு அது போதாமல் மூங்கிலோடு மூங்கிலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே போனாள், கயிற்றையும் அப்படியே முடிந்து முடிந்து நீட்டினாள். பக்கத்து ஊர்களில் இருந்து குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள், பொரிகடலை விற்றது, பிறகு அவர்களும் வருவதை நிறுத்தினார்கள். ஆனி முடிவதற்குள் எங்களுக்கு அது பழகிவிட்டது. அந்தக் கயிறு எப்போதும் விறைப்பாக நிற்பதைப் பார்த்து நாங்கள் துணிக்கொடியின் ஒரு முனையை அதில் கட்டினோம், நாய் ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க, வீதியின் சேலையும் வேட்டியும் அதன் கீழே காய்ந்தன. துணி நன்றாகவே காய்ந்தது, குறை சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் எல்லோரும் தவிர்த்தோம். கீழே நின்று யாராவது அர்த்தநாரி என்று சொன்னால், அந்தப் பேர் காதில் விழுந்ததும் நாய் ரோட்டுப் பக்கம் திரும்பி, கயிறு அதிர ஏறும். அதனால் அந்த மனையில் அந்தப் பேச்சை எடுப்பதை விட்டோம். பிறகு மற்ற இடங்களிலும் விட்டோம்.

ஆடி பிறந்ததும் மச்சாண்டார் வந்தார். அர்த்தநாரியின் அண்ணன் நல்லசிவம், தோட்டங்காடு உள்ள மனுஷன், கெட்டவர் இல்லை, எதையும் முடித்துவைத்தால்தான் தூக்கம் வரும் என்கிற ரகம். தம்பி செத்திருப்பான், ஆடி அமாவாசைக்குச் சடங்கைச் செய்துவிடலாம், தர்ப்பையில் ஓர் ஆளைச் செய்து எரித்தால் ஆச்சு என்றார். சடங்கு செய்கிறவரையும் கூட்டிவந்திருந்தார். அவர் அண்ணாந்து நாயைப் பார்த்து, அந்தரத்தில் நிற்பது நாயில்லை, போனவருடைய ஆத்துமா, சடங்கு முடிந்ததும் கயிற்றை அறுத்து விட்டுவிட வேண்டும், அப்போதுதான் அவருக்கும் கதி, வீட்டுக்கும் நிம்மதி என்றார். வீதி யோசித்துப் பார்த்து அதற்கும் தலையாட்டியது. துணிக்கொடிக்கு வேறு ஏற்பாடு செய்யலாம் என்று பேச்சு வந்தது.

அவளும் தலையாட்டினாள். தாலியை எடுத்துவிடலாமா என்றதற்கும் ஆட்டினாள், உன் பொறந்த ஊட்டுக்குச் சொல்லியாச்சா என்றதற்கும் ஆட்டினாள். நல்லசிவத்துக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வல்லியே புள்ள," என்றார். "அவன் போயிட்டான்னு நெஞ்சுல ஏறலியா உனக்கு?"

"தெரியலீங் மாமா," என்றாள். "நாயை மட்டும் வெச்சுக்கலாங்ளா? அது இருந்துட்டுப் போகட்டுமே."

நாய் இருக்கிற வரைக்கும் அவன் போகமாட்டான் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவள் மேலே பார்த்தாள், பிறகு சரி என்றாள். புருஷனிடம் இருந்து அவளுக்கு வந்துசேர்ந்தது அந்த நாய் ஒன்றுதான், அதுவும் அமாவாசையோடு போகிறது என்பது எங்களுக்கு வலித்தது. அவளுக்கு வலித்ததா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அமாவாசைக்கு முந்தின நாள் செங்கோடன் தறிக் கொட்டகைக்கு வந்தான். வண்டி இந்தத் தடவை ஆயுத பூசைக்கு முன்பே வடக்கே கிளம்புகிறது, சொல்லிக்கொண்டு போக வந்தேன் என்று வாசலில் மேஸ்திரியிடம் சொன்னானாம். உள்ளே அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் கொட்டகைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் காதில் விழாது, வெளியாள் வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். செங்கோடன் பொத்தவில்லை, கம்ப்ரஸர் பக்கத்திலேயே காலம் தள்ளியவன். நேராக நாலாந்தறிக்குப் போய் அவளுக்கு எதிரே நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பேச ஆரம்பித்தான்.

ரிக் வண்டிக்காரர்கள் சத்தத்துக்குள் கையால் பேசிக்கொள்வார்கள், கட்டை விரலைத் தூக்கினால் ஏற்று, மடக்கினால் இறக்கு. வாய் அங்கே வேலைக்கு ஆகாது. அதனால் சத்தத்தில் எதைச் சொன்னாலும் சொன்னதாகக் கணக்கில்லை என்று அவன் நினைத்துவிட்டான், பாவம். தறிக்காரிகள் நாங்கள் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் என்பதும், வேலைக்குச் சேர்ந்த ஒரு வருஷத்துக்குள் எங்களுக்குக் காது கண்ணுக்கு வந்துவிடும் என்பதும் அவனுக்குத் தெரியாது. நான் ஆறாந்தறியில் நின்றேன். அவன் உதடு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"உங்களுக்குக் கேக்காதுன்னுதானுங்க சொல்றேன்," என்றான். "சொல்லாம போனா எனக்குச் சோறு எறங்காதுங்க. அண்ணன் காணாமப் போவலீங்க. நல்லாத்தான் இருந்தாரு. நாயை வண்டியில கட்டிப்போட்டு, தலையத் தடவி, சாந்தாமணி, நீ ஊட்டுக்குப் போ, நான் வல்ல, அப்படீன்னாரு. அக்கட்டால ரோட்டப் புடிச்சு நடந்துட்டாருங்க. நான் கூப்புடக் கூப்புடத் திரும்பியே பாக்கலீங்க. அவரு மறையற வரைக்கும் இது பாத்துக்கிட்டே நின்னுச்சு, பொறகு பாத்தா நாலு காலும் தரையில இல்லீங்க."

சாந்தாமணி. எங்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எவளோ வடக்கத்திக்காரி, அவளோடு போய்விட்டார், நாய்க்கும் அவள் பேர் என்றே நான் நினைத்தேன், அஞ்சாந்தறி பூங்கொடியும் அப்படித்தான் நினைத்தாளாம். பிறகு வடக்கே எங்கே சாந்தாமணி இருக்கப் போகிறாள் என்று தோன்றியது. அதற்கும் பிறகுதான், பதினெட்டு வருஷத்துக்கு முன் இதே வீதிக் கல்யாணப் பந்தலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருந்த எழுத்துக்கள் ஞாபகம் வந்தன, அர்த்தநாரி சாந்தாமணி. அது இவள்தான்.

செங்கோடன் பேசிக்கொண்டே போனான். குட்டியாக வந்த நாளில் இருந்து அண்ணன் அதை அப்படித்தான் கூப்பிடுவார், சாந்தாமணி சாப்பிட்டியா, சாந்தாமணி குளிருதா, சாந்தாமணி ஊர்ல மழையாம் என்று ராத்திரி வரைக்கும் அதோடுதான் பேச்சு, கட்டின பெண்டாட்டி பேரை நாய்க்கு வைத்ததை உங்களிடம் எந்த வாயால் சொல்வது என்றுதான் நான் சொல்லவில்லை என்றான். ஏன் போனார் என்று தெரியாது என்றான். கும்பிட்டுவிட்டு, மனசு லேசான முகத்தோடு வெளியே போனான்.

அவள் முகம் மாறவில்லை. அவள் தறியில் ஒரு இழை அறுந்திருந்தது. குனிந்து இரண்டு நுனியையும் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, தறியை ஓடவிட்டாள். நாங்கள் எல்லோரும் எங்கள் துணியைப் பார்த்துக்கொண்டோம், ஒருத்தி உதடும் அசையவில்லை. சாயங்காலம் ஒன்றாகத்தான் நடந்து வந்தோம். அவள் மனையில் நின்று கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். நாய் அப்போது காக்கை அளவுதான் தெரிந்தது. என்ன பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். கூப்பிட்டால் அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், எல்லாம் வெளியே வந்துவிடும் என்பதும் தெரியும். செத்தவன் பெண்டாட்டிக்கு வீதியில் ஒரு இடம் உண்டு, ஒரு மரியாதை உண்டு, நல்லது கெட்டதில் மச்சாண்டார் வந்து நிற்பார். விட்டுவிட்டுப் போனவன் பெண்டாட்டிக்கு அதெல்லாம் கிடையாது, அவளிடம் என்ன குறை என்றுதான் கேட்பார்கள். அவள் கூப்பிடாமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மனையில் பந்தல் போட்டார்கள். தர்ப்பையில் செய்த ஆளுக்கு அர்த்தநாரியின் சட்டையைப் போர்த்தியிருந்தார்கள், அவருக்கு இருந்த உயரம் கூட அதற்கு இல்லை. அவளுடைய அண்ணன் கோடிச் சேலையோடு வந்திருந்தார். சடங்கு செய்கிறவர் அர்த்தநாரி, அர்த்தநாரி என்று பேரைச் சொல்லிச் சொல்லித் தண்ணீர் விட, அவர் சொல்லும் ஒவ்வொரு தடவைக்கும் மேலே நாய் ரோட்டுப் பக்கம் திரும்பி ஏறியது, கயிறு முறுக்கேறி முனகியது, கேசிங் பைப் மண்ணில் ஆடியது. நல்லசிவம் கொடுவாளை எடுத்துக்கொண்டு பைப் பக்கத்தில் போய் நின்றார். முதலில் தாலி, பிறகு கயிறு என்றார் சடங்கு செய்கிறவர். பெண்கள் நாங்கள் ஒரு பக்கமாக நின்றோம், அந்தப் பேர் எங்கள் ஒவ்வொருத்தி நாக்கு நுனியிலும் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நாங்கள் இல்லை.

அவள் எழுந்தாள். தாலியைப் பிடிக்க வந்த கைகளை மெதுவாக விலக்கிவிட்டு, பைப் அருகே போனாள்.

"அறுக்காதீங்க மாமா," என்றாள். "அவிய சாகலீங்க. போயிட்டாங்க."

நல்லசிவம் என்னவோ கேட்டார், அவள் அவரைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, வாயைத் திறந்து, சாந்தாமணி என்றாள். அது வெளியே வரவில்லை. தன் பேரைத் தானே யார் கூப்பிடுகிறார்கள், அவளுக்குப் பழக்கமே இல்லை. இரண்டாம் தடவை, கொட்டகைச் சத்தத்தில் நூல் தார் தீர்ந்துபோனால் கத்துவோமே, அந்தக் குரலில், கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டாள்.

"சாந்தாமணீ! கீழ வா!"

நாய் ரோட்டுப் பக்கம் பார்ப்பதை விட்டுத் திரும்பியது. படியில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து இறங்கியது, மின்சாரக் கம்பி வந்த இடத்தில் நின்று, பார்த்து, தாண்டி இறங்கியது, எங்கள் துணிக்கொடியில் யாருடைய பாவாடையோ மூக்கில் உரச அதையும் விலக்கி இறங்கி, அவள் எதிரே வந்து, அவளுடைய இரண்டு பாதத்தின் மேலும் உட்கார்ந்தது. கயிறு தொளதொளவென்று தரையில் விழுந்தது. கொடியில் இருந்த துணியெல்லாம் மண்ணில் விழுந்தன.

நல்லசிவம்தான் கேட்டார். கொடுவாள் கையிலேயே இருந்தது.

"யாரு புள்ள அது, சாந்தாமணி?"

"நானுங்க," என்றாள்.

அதற்குமேல் அந்தச் சடங்கை யாரும் நடத்தவில்லை. சடங்கு செய்கிறவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார், கோடிச் சேலை வந்த பையிலேயே திரும்பிப் போனது, சட்டை போட்ட தர்ப்பை ஆள் இரண்டு நாள் பந்தலில் கிடந்து, மூன்றாம் நாள் யாரோ ஆட்டுக்குப் போட்டார்கள். நல்லசிவம் அதன் பிறகு எங்கள் வீதிப் பக்கம் வரவில்லை. அவளைப் பற்றி எங்கள் வீதி பேச வேண்டியதெல்லாம் பேசியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதையாக இருந்திருக்கலாமே என்றார்கள் சிலர், நாய்க்குப் பெண்டாட்டி பேர் வைத்தவன் மனுஷனா என்றார்கள் சிலர், அந்தப் பேரை வாயார அவன் வேறு எங்கே சொல்வான் என்று மாரப்பன் ஒரு நாள் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். நாங்கள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தோம். கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அதில் குழப்பம் வந்து, தறி சாந்தாமணி, நாய் சாந்தாமணி என்று ஆனது. நாய் சாந்தாமணி தரையை விட்டு எழவில்லை. தறி சாந்தாமணி தறிக்குப் போனாள், வந்தாள், சோறு இருந்ததால் சாப்பிட்டாள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், நான் மனையில் புதுக் கம்பத்தில் கட்டிய கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள், கால்மாட்டில் நாய். ரோடு காலியாக இருந்தது. அவள் ரொம்ப நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற சாதாரணக் குரலில், அர்த்தநாரி என்றாள்.

நான் சேலையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். மலைமேல் இருக்கிறவருக்கும் அது கேட்டிருக்கும். பதினெட்டு வருஷமாகப் பொத்திவைத்த பேர், சொல்லிவிட்டாள், வானம் அப்படியே இருந்தது. நாய் காதை விறைத்தது. எழுந்து ரோட்டுப் பக்கம் திரும்பியது, அதன் பாதங்களுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விழுந்தது, பிறகு இரண்டு விரல் ஆனது. அவள் அதைத் தடுக்கவில்லை. அது ரோட்டைப் பார்க்க, அவளும் பார்த்தாள், இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை.

"சாந்தாமணி," என்றாள். "போதும், வா."

நாய் இறங்கி அவள் பாதத்தில் உட்கார்ந்தது. அவள் கொஞ்சம் முகம் சுளித்தாள், கால் வலித்திருக்க வேண்டும், நாய்க்கு இப்போது நல்ல கனம். அவள் கண்ணில் இருந்து தண்ணீர் வந்தது, துடைக்காமல் விட்டாள், அது பாட்டுக்கு வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, ஏதாவது கொழம்பு இருக்குதா கண்ணு, ரொம்பப் பசிக்குது என்றாள்.